இரண்டு அடுப்படி

பீனிக்ஸ்
1926 மே 9

சிரஞ்சீவி தம்பி சின்னனுக்கு, அண்ணன் ஐயாசாமி எழுதுவது. நானும் ஜினெட்டும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே ஆத்தாவின் முழங்கால், உன் மாடுகள், உன் மனைவி பூங்காவனம், மகள் சிவகாமி என்ற வரிசையில் எல்லோருடைய சுகத்துக்கும் பதில் எழுது.

வீடு வாங்கிவிட்டேன். கரும்புத் தோட்டத்தில் கணக்கராக இருந்து செத்துப்போன வெள்ளைக்காரர் ஒருவரின் விதவை விற்றாள். மரவீடு. முன்னால் நீண்ட தாழ்வாரம், நடுவில் கூடம், இரண்டு பக்கமும் அறைகள். கேட்கத்தான் அழகாக இருக்கும். கூரையில் வேய்ந்த மரச்சில்லுகள் பாதி பெயர்ந்துவிட்டன. பின்சுவரில் விரலை வைத்தால் விரல் உள்ளே போகிறது, அவ்வளவு கரையான். நம் தீவின் மேட்டுப் பகுதியான இந்தப் பீனிக்ஸில் மழை பெய்வதில்லை, குடியிருக்கிறது. என்னோடு சேர்த்து அதற்கும் ஓர் அறை கொடுத்திருக்கிறேன்.

மற்றவர்கள் வீடு வாங்கும் பத்திரங்களை எழுதியே என் கை காய்த்துவிட்டது. பத்திர ஆபீஸ் நடத்தும் எங்கள் நோத்தேர் துரை தலைமைக் குமாஸ்தா நாற்காலியை என்னிடம் தொழில் கற்ற தன் அக்காள் மகனுக்குக் கொடுத்தார். அன்றைக்கே எனக்கும் ஒரு பத்திரம் எழுதிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பால் இன்னும் காய்ச்சவில்லை. ஆத்தா வந்து தன் கையால் காய்ச்ச வேண்டும். அதுவரை முன்வாசலை யாரும் மிதிப்பதில்லை. நானும் ஜினெட்டும் பின்கதவு வழியாகத்தான் புழங்குகிறோம். ஞானஸ்நானம் பெற்றவனுக்குப் பால் காய்ச்சுவது எதற்கு என்று நீ கேட்பாய். என்னைத் துரைமார் பள்ளிக்கூடத்தில் விட்டபோது, தண்ணீர் தெளித்துக்கொண்டால்தான் மேற்படிப்பு என்றார் பாதிரியார். அப்பா சொன்னது உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். "தண்ணிதானே ஊத்தப் போறாங்க, துடைச்சாப் போச்சு." ஐயாசாமி தெனி ஆனான். துடைத்தும் போகவில்லை. முதல் விடுமுறைக்கு வீடு வந்தபோது உனக்கு உள்ளே இலை போட்டார்கள். எனக்கு வாசலில் ஒரு தகரத் தட்டு. சாப்பிட்டதும் நானே கழுவிக் கூரைக்கு வெளியே ஆணியில் மாட்ட வேண்டும். இன்றைக்கும் நான் வந்தால் அந்தத் தட்டுத்தான். என்னைப் படிக்க வைத்தார்கள். உனக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். நிலம் பெற்றவன் உள்ளே சாப்பிட்டான்.

போகட்டும். ஆத்தா என் வீட்டுச் சோற்றைத் தொட வேண்டாம். அவளுக்கென்று பின்னால் தனி அடுப்படி கட்டப் போகிறேன். அவள் அடுப்பு, அவள் பாத்திரம், அவள் கை. என் வேலிக்குள் அவள் ஒரு வேளை சாப்பிட வேண்டும். இந்த வீட்டை வாங்கியது அதற்குத்தான். எப்போது அழைத்து வருகிறாய்?

ஆசீர்வாதங்களுடன்,
ஐயாசாமி


ட்ரியோலே
1926 ஜூன் 20

அண்ணா அவர்கள் சமூகத்துக்குத் தம்பி சின்னன் கும்பிட்டு எழுதியது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். தாங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. வீடு வாங்கியது மிகவும் சந்தோஷம். ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். தாழ்வாரத்துக்கு எத்தனை தூண் என்று கேட்டது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கரும்பு வெட்டு நெருங்கிவிட்டது. வண்டிக்காரனைப் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. இந்த வருஷம் கரும்பு நெட்டையாக இருக்கிறது, ஆனால் கனமில்லை. ஆத்தாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பீனிக்ஸில் இந்த மாதங்களில் குளிர் அதிகம் என்கிறார்கள். வெட்டு முடியட்டும், பார்க்கலாம்.

ஆத்தா தங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னது.

தங்கள் தம்பி,
சின்னன்


பீனிக்ஸ்
1926 ஜூலை 4

தம்பி சின்னனுக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே சுகம். சளி மட்டும் இருவருக்கும். குளிரைப் பற்றி நீ எச்சரித்தது சரிதான்.

தூண்கள் எட்டு என்று ஆத்தாவிடம் சொல். அவற்றில் இரண்டு உளுத்துவிட்டன. மாற்றுவதற்கு ஜான்-மார்க் என்ற தச்சனை வைத்திருக்கிறேன். காலையில் வருவான். மழையைப் பார்ப்பான். ஒரு பலகையை அறுப்பான். மறுபடியும் மழையைப் பார்ப்பான். தனி அடுப்படிக்கு இடம் காட்டியபோது உளியைக் கீழே வைத்துவிட்டுக் கிரியோல் பாஷையில் கேட்டான்: "மிஸ்யே தெனி, ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்படியா? அப்ப பொண்டாட்டி எத்தனை?"

"இது என் தாயாருக்கு."

"அவங்களுக்கும் மதாம் ஜினெட்டுக்கும் சண்டையா?"

"இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை."

"பார்க்காமலே ரெண்டு அடுப்படியா? பார்த்தா ரெண்டு வீடு கட்டணும் போலிருக்கே!" என்று சிரித்தான். ஜினெட்டும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்க்கிறார். கணக்கர் வீட்டை ஒரு மலபாரி, அதாவது நம்மைப் போன்ற ஓர் இந்தியன், வாங்கிவிட்டான் என்பதை அவரால் இன்னும் விழுங்க முடியவில்லை. என் பெயர் தெனி என்று தெரிந்ததும் பாதி விழுங்கினார்.

ஆத்தா உட்கார்ந்து சமைக்கிறவள். அடுப்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுது. அம்மி எந்தப் பக்கம் என்றும் கேள். "பார்க்கலாம்" என்று எழுதாதே. அந்தச் சொல்லை ஆபீசில் தினமும் கேட்கிறேன். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஆசீர்வாதம்.
ஐயாசாமி


ட்ரியோலே
1926 செப்டம்பர் 12

அண்ணா அவர்களுக்குத் தம்பி சின்னன் கும்பிடு. இங்கே சுகம். அங்கே சளி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன். துளசியும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கும்படி ஆத்தா சொன்னது.

அடுப்பு ஒரு சாண் உயரம் போதுமாம். அம்மி இடப்பக்கம். வலப்பக்கம் தண்ணீர்க் குடம். அடுப்படிக்குச் சன்னல் வேண்டும், புகை கண்ணில் படக் கூடாது. இதையெல்லாம் ஆத்தா தானாகவே சொன்னது. சன்னல் வழியாக என்ன தெரியும் என்றும் கேட்டது.

கரும்பு பாதி வெட்டியாயிற்று. ஒரு மாடு காலை ஊன்றாமல் நிற்கிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்திருக்கிறோம், முன்னால் பந்தல் கால் நடவும் யோசனை. தூசியும் சத்தமுமாக இருக்கிறது. தாங்கள் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் இப்போது வர வேண்டாம், உட்கார இடமில்லை.

சிவகாமி தங்களுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
சின்னன்


பீனிக்ஸ்
1926 அக்டோபர் 3

தம்பி சின்னனுக்கு ஆசீர்வாதம். இங்கே சுகம். மாட்டின் கால் எப்படி இருக்கிறது?

உட்கார இடமில்லை என்று எழுதியிருந்தாய். உன் வீட்டில் எனக்கு உட்கார இடம் தேட வேண்டியதில்லையே, வாசல்தானே. எந்த ராஜா வருகிறார் என்று சுண்ணாம்பு அடிக்கிறாய்? கரும்பு கனமில்லை என்று எழுதிய கைதான் பந்தல் கால் என்றும் எழுதுகிறது. நீ சொல்லாவிட்டால் நான் கேட்கப் போவதில்லை.

அடுப்படி முடிந்துவிட்டது. நல்ல பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு சாண் உயரத்தில் கல் அடுப்பு. அம்மி இடப்பக்கம். சன்னல் வழியாக ஒரு லிச்சி மரமும் அதற்கு அப்பால் மலையும் தெரியும் என்று ஆத்தாவிடம் சொல். காத்ர் போர்ன் சந்தையில் பாத்திரங்கள் வாங்கினேன். இரண்டு மண்சட்டி, ஒரு பித்தளைத் தவலை, ஒரு கரண்டி. ஜினெட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "உங்கம்மா வர்ற வரைக்கும் அதைப் பார்க்கவாவது செய்யலாமா?" என்று கிரியோலில் கேட்டாள். பெரிய வீட்டின் கூரை இன்னும் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கூடத்தின் தளத்தில் நடுவில் ஓட்டை. பாய் போட்டு மூடியிருக்கிறோம். ஆத்தாவின் அடுப்படி மட்டும் ஒரு சொட்டு ஒழுகாது.

கார்த்திகை முதல் வாரத்தில், நவம்பர் 21 நல்ல நாள். நீ கூட வர முடியாவிட்டாலும் யாரோடாவது ரயிலேற்றி விடு. பீனிக்ஸ் ஸ்டேஷனில் நான் நிற்பேன்.

ஐயாசாமி


ட்ரியோலே
1926 நவம்பர் 17

அண்ணா அவர்களுக்குக் கும்பிடு. அங்கே சுகம் என நம்புகிறேன்.

ஆத்தாவுக்குக் காய்ச்சல். இந்த மாதம் வர இயலாது. தை பிறக்கட்டும்.

அவசரத்தில் எழுதியதற்கு மன்னிக்கவும்.

சின்னன்


பீனிக்ஸ்
1926 டிசம்பர் 12

சின்னனுக்கு,

செத்தவர்கள் சுகம் விசாரிப்பதில்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காய்ச்சல் என்றதும் உன் வீட்டுக்கு மருந்து வாங்கி அனுப்ப ஏற்பாடு செய்தேன். அந்த மருந்தைக் கொண்டுவர ஆள் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டவன் ராமசந்திரன். உங்கள் ஊர்க்காரன்தான், தக்காளியும் வெங்காயமும் காத்ர் போர்ன் சந்தைக்குக் கொண்டு வருகிறவன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"ஆத்தாவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்றேன்.

"காய்ச்சலா? கல்யாணத்துல கிழவி கால் வலிக்க நின்னு எல்லாருக்கும் பாயசம் ஊத்திச்சே" என்றான். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அவனிடமிருந்து விஷயத்தை வாங்குவது பெரிய வேலையாக இல்லை. சிவகாமிக்குக் கல்யாணம். நவம்பர் 28. மாப்பிள்ளை வீட்டார் பாம்ப்ளமூஸ் ஊர்க்காரர்கள். கோவில் தர்மகர்த்தா குடும்பம்.

"சம்பந்தி பந்தியில எம் பக்கத்துல உக்காந்தாரு ஐயா. 'மூத்தவரு பத்தொன்பதாம் வருஷத்துக் காய்ச்சல்ல போயிட்டாராமே, பாவம், என்ன வயசு?' அப்டின்னாரு. நானும் ஆமான்னுட்டேன்."

"ஆமா என்றா சொன்னாய்?"

"என்ன ஐயா செய்ய? இலையில சோறு இருக்கே!"

ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரன் பெரியப்பன் என்றால் பெண்ணை எடுக்க மாட்டார்கள். எனவே பெரியப்பனைப் புதைத்துவிட்டாய். உனக்கு யோசனை போதாது என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன், மன்னித்துக்கொள். என்னைக் கேட்டிருந்தால், வராமல் இருந்திருப்பேன். கல்யாணத்துக்கு வராமல் இருக்கச் செத்துத்தான் ஆக வேண்டுமா?

உன் பொய் எனக்குப் பெரிதில்லை. நீ சொன்னதை ஆத்தா கேட்டுக்கொண்டு பாயசம் ஊற்றினாளே, அதைத்தான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு விளங்கவில்லை.

காலஞ்சென்ற
ஐயாசாமி


ட்ரியோலே
1927 ஜனவரி 23

மாமா அவர்களுக்குப் பூங்காவனம் பணிவுடன் எழுதியது. தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

எனக்கு நன்றாக எழுத வராது. தங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டுக் கூரைச் சொருகலில் வைத்துவிட்டார். அத்தை என்ன சேதி என்று கேட்டதற்கு, வீடு ஒழுகுதாம் என்றார். ஒரு மாதம் வீடு ஒழுகுது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை நம்பவில்லை. அவர் வயலுக்குப் போன நேரம் எடுத்துப் படி என்று என்னிடம் கொடுத்தார்கள். படித்தேன். கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.

அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. நான் இதை எழுதுவது தங்கள் தம்பிக்குத் தெரியாது.

பூங்காவனம்


பீனிக்ஸ்
1927 பிப்ரவரி 6
(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை)

சின்னனுக்கு,

உன் தாயார் இங்கே வந்து போனாள். உனக்குச் சொல்லிக்கொண்டு வந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நேற்று ராமசந்திரன் சந்தைக்குப் போகும் முன் தன் வண்டியில் கூடைகளோடு கொண்டுவந்து வாசலில் இறக்கினான். "சந்தை கலையுறப்ப வந்து கூட்டிக்கிறேன் ஐயா, கிழவி ராத்திரியே கிளம்பிடுச்சு, நான் என்ன பண்ண?" என்று எனக்கு முகம் கொடுக்காமல் ஓட்டிவிட்டான்.

நான் முன்வாசலைத் திறக்கவில்லை. பின்பக்கமாக வரச் சொன்னேன். அவள் வரும் வழியில் தாழ்வாரத்துத் தூண்களைத் தொட்டு எண்ணினாள். "எட்டு" என்றாள், தனக்குத்தானே. புது அடுப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். ஒரு சாண் அடுப்பு. நீ கேட்ட சன்னல்."

"ஏன்டா, எனக்கும் வெளியிலதானா?"

அவள் உள்ளே குனிந்து பார்த்தாள். அந்த மண்சட்டியில் என்ன இருந்தது என்பதை எழுதுகிறேன். ராமசந்திரனை ரயிலில் பார்த்த மறுநாள் நான் மாட்டிறைச்சி வாங்கி வந்து, அந்தச் சட்டியில்தான் சமைக்க வேண்டும் என்றேன். ஜினெட் மறுத்தாள். "வேண்டாம் தெனி, அது உங்கம்மா சட்டி. எனக்கு வேற இல்லையா?" என்றாள். நான் விடவில்லை. அன்றிலிருந்து அந்த அடுப்பில் அதுதான். அப்பா வாங்கிக் கொடுத்த மதத்தை நான் ஒழுங்காகப் பின்பற்றுகிறேன்.

ஆத்தாவுக்கு வாசனை தெரிந்தது. மூக்கை மூடவில்லை. படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செத்துப்போனதாகச் சொன்னபோது நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?" என்றேன்.

"ஆமா. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சிவகாமி மாலையோட உக்காந்திருந்திச்சு" என்றாள். அழவில்லை. மழுப்பவில்லை. பிறகு, "ராத்திரிலேர்ந்து ஒண்ணும் திங்கல ஐயாசாமி. பசிக்குது. உள்ள என்ன வச்சிருக்கா உம்பொண்டாட்டி?" என்றாள்.

உள்ளே சோறும் பருப்பும் புடலங்காய்க் கறியும் இருந்தன. ஜினெட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வயிற்றைத் தடவிக் கேட்கிற கிழவியைப் புரிந்துகொள்ளத் தமிழ் எதற்கு? ஜினெட் சோறு எடுத்துவர உள்ளே போகப் புறப்பட்டாள். நான் கையை நீட்டி மறித்தேன். இதற்காக வீடு வாங்கினேன் என்று உனக்கு எழுதினேனே, நினைவிருக்கிறதா? ஆத்தா கேட்டாள். என் வீட்டுச் சோற்றை அவளாகவே கேட்டாள். நான் சொன்னேன்:

"சாவு வீட்டில் அடுப்பு எரியாது, ஆத்தா."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சரிதான்" என்றாள்.

அதற்கப்புறம் வீட்டைக் காட்டச் சொன்னாள். பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் பாயை விலக்கி ஓட்டையைப் பார்த்தாள். "இத முதல்ல அடைச்சிருக்கலாம்" என்றாள். சந்தை முடிந்து ராமசந்திரன் வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜினெட் எனக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாள். ஆத்தா வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டாள். வண்டியில் ஏறினாள். "போய்ட்டு வரேன்" என்று சொல்லவில்லை. சின்னன், நம் ஆத்தா ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் போவாள். சாவு வீட்டில்தான் சொல்லக் கூடாது. நான் சொன்ன வார்த்தையை அவள் முறைப்படி எடுத்துக்கொண்டாள்.

ஜினெட் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இதெல்லாம் உன்னால்...


ட்ரியோலே
1927 பிப்ரவரி 20

அண்ணா அவர்களுக்கு,

சுகம் கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

மாசிப் பூசைக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கோவில் பந்தியில் எல்லோரும் இலையில் உட்கார்ந்த பிறகு சம்பந்தி அம்மாள் நல்லெண்ணத்தோடு ஆத்தாவிடம், "மூத்தவருக்குத் திதி எந்த மாசம் குடுக்கறீங்க?" என்று கேட்டது. ஆத்தா பிசைந்த சோற்றைக் கீழே வைத்தது. "அவன் எதுக்குச் சாகணும்? குத்துக்கல்லாட்டம் இருக்கான். இப்பத்தான் அவன் வீட்டுக்குப் போயி வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்தேன்" என்றது. என்ன சாப்பிட்டீங்க என்று யாரோ கேட்டார்கள். "அவன் பொண்டாட்டி, அந்த வேதக்காரப் பொண்ணு ஆக்கினது எல்லாம்" என்றது.

சம்பந்தி வீட்டார் அப்படியே இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். சிவகாமியை இனி இங்கே அனுப்ப மாட்டார்களாம். வேதக்காரன் வீட்டில் சாப்பிட்ட கிழவி இருக்கும் வீட்டில் கை நனைக்க மாட்டார்களாம். நான் காலில் விழாத குறை. தாங்கள் உயிரோடு இருப்பதைக்கூட, செத்தார் என்றது பேச்சுக்குச் சொன்னது என்று பொறுத்துக்கொள்கிறோம் என்கிறார் சம்பந்தி. சாப்பாட்டை மட்டும் பொறுக்க மாட்டாராம்.

ராமசந்திரன் வேறு மாதிரி சொல்கிறான். திரும்பி வரும் வழியில் கிழவி இரண்டு வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்றது, பட்டினியாகத்தான் வந்தது என்கிறான். ஆத்தாவிடம் கேட்டால், "சாப்பிட்டேன்னா சாப்பிட்டேன்" என்கிறது. வேறு பேச்சில்லை.

அண்ணா, தாங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். ஆத்தா தங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் தொடவில்லை என்று எழுதினால் போதும். வயசான புத்தி தடுமாறிச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்கிறோம் என்று சம்பந்தி ஒப்புக்கொண்டார். நோத்தேர் ஆபீஸ் எழுத்தை அவர் நம்புவார். அதுதான் உண்மை என்றால் எழுதுவதில் தங்களுக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று. ஆணியில் தொங்கிய தங்கள் தகரத் தட்டில் பூங்காவனம் கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள். பந்தி நடந்த அன்று சாயங்காலம் ஆத்தா அதைச் சாம்பல் போட்டுத் துலக்கியது. இப்போது வாசலில் உட்கார்ந்து அதில்தான் சாப்பிடுகிறது. உள்ளே வா என்றால் வர மாட்டேன் என்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

தயவு செய்து எழுதவும்.

தம்பி,
சின்னன்


பீனிக்ஸ்
1927 பிப்ரவரி 27

சிரஞ்சீவி தம்பி சின்னனுக்கு, அண்ணன் ஐயாசாமி ஆசீர்வாதம். நானும் ஜினெட்டும் சுகம். அங்கே ஆத்தாவின் முழங்கால், பூங்காவனம், சிவகாமி, உன் மாடு எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

நீ கேட்டபடி கைப்பட எழுதுகிறேன். தேதியும் கையெழுத்தும் கீழே இருக்கின்றன. சம்பந்தியிடம் அப்படியே காட்டலாம்.

எங்கள் தாயார் 1927 பிப்ரவரி 5 அன்று பீனிக்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். முன்வாசல் வழியாக வந்தாள். முதலில் பால் காய்ச்சினாள்; அது கிழக்கே பொங்கியது. பிறகு கூடத்தில் நடுவில் உட்கார்ந்தாள். என் மனைவி ஜினெட் சமைத்த சோறு, பருப்பு, புடலங்காய்க் கறி. பருப்பில் உப்புக் குறைவு என்றாள். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினாள். கறியை வழித்துச் சாப்பிட்டாள். நானும் அவளும் ஒரே சட்டிச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். ராமசந்திரன் சந்தையில் இருந்தான். அவன் சாட்சி செல்லாது. எங்கள் ஆத்தாவின் புத்தி தடுமாறவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

இதற்குமேல் சம்பந்திக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார். அந்தக் கிழவி இருக்கும் வீட்டில்தானே கை நனைக்க மாட்டார்? அவள் உன் வீட்டில் இல்லாவிட்டால் நனைப்பார். சிவகாமியும் வந்து போவாள். எனவே அவளை இங்கே அனுப்பிவிடு. ஒரு மாதத்துக்கு இல்லை, இனி எப்போதைக்கும்.

பின்னால் கட்டிய தனி அடுப்படி இப்போது இல்லை. ஜான்-மார்க்கை வைத்துப் பிரித்துவிட்டேன். "கட்டச் சொன்னதும் நீங்க, பிரிக்கச் சொன்னதும் நீங்க, மிஸ்யே, எனக்கு ரெண்டு கூலி" என்று சிரித்துக்கொண்டே பிரித்தான். அந்தப் பலகைகளைக் கொண்டு கூடத்துத் தளத்தின் ஓட்டையை அடைத்தாயிற்று. மண்சட்டிகளை உடைத்துப் போட்டேன். பெரிய வீட்டில் ஒரே அடுப்புத்தான் இருக்கிறது. அதைத் தரையோடு ஒரு சாணுக்கு இறக்கியிருக்கிறேன். ஜினெட்டுக்கு இடுப்பு வலிக்கிறது. பழகிக்கொள்வதாகச் சொன்னாள். கூரை ஓரிடத்தில் இன்னும் ஒழுகுகிறது.

அந்தத் தகரத் தட்டு என்னுடையது. அதில் வேறு யாரும் சாப்பிடக் கூடாது. அதையும் அவளோடு அனுப்பு. இங்கே ஆணி அடிக்கவில்லை.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அன்றைக்குக் கிளம்பும்போது அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னையும் ஜினெட்டையும் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்று சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். இந்த வரியைச் சம்பந்திக்குப் படிக்க வேண்டாம். ஆத்தாவுக்குப் படித்துக் காட்டு.

ஐயாசாமி